ஒலிநாடாவின் கடைசிச் சொல்

"ஹெட்போன் வாங்கட்டுமா, ஆம்ப்ளிஃபையர் வாங்கட்டுமா?" என்று கேட்டார் வைரவநாதன்.

தையல்நாயகி அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். மடத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வைரவநாதனைவிட அவர் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் வைரவநாதன் ஒருநாளும் அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அன்றும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு?"

"ஐயாவோட கடைசி ஒலிநாடாவைக் கேக்கத்தான். கையில இருக்கிறதுக்கு ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்."

"பதினெட்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"சரியாக் கேக்கலைம்மா."

அம்மா ஒரு காம்பை உருவி முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது. கடைக்குப் போங்க. ரெண்டையும் போட்டுப் பாருங்க. அங்கே என்ன கேட்டுச்சோ அதை அப்படியே வந்து சொல்லுங்க."

ஐயா என்பவர் அந்த மடத்தை உண்டாக்கிய துறவி. அவருடைய கடைசி நாளில், படுத்தபடியே அவர் பேசியதைச் சின்ன டேப் ரெக்கார்டரில் பதிந்துவைத்திருந்தார்கள். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நாற்பது நிமிடப் பேச்சு. போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே போகும். பிறகு மூச்சு மட்டும் கேட்கும். கடைசியில் ஒரே ஒரு சொல். அதற்குப் பின் நாடா தீரும் வரை இரைச்சல்தான்.

அந்தச் சொல்லில்தான் வம்பு வந்தது. 'தனி' என்றார் ஐயா, எல்லாவற்றையும் விட்டுத் தனியாக இரு என்று அர்த்தம் என்றது ஒரு கூட்டம். இல்லை, 'தணி', உள்ளே எரிவதைத் தணி என்று சொன்னார் என்றது இன்னொரு கூட்டம். 'தன்னை அறி' என்று சொல்ல வந்து பாதியில் நின்றுவிட்டது என்று சொன்னவர்கள் கோபித்துக்கொண்டு போய் வேறு மடமே கட்டிவிட்டார்கள்.

வைரவநாதன் அந்த அறையில் இல்லை. மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து அந்த நாடாவைப் போட்டார்கள். அவர் காதில் 'தனி' என்று விழுந்தது. தொலைபேசி நிலையத்தில் வருடக்கணக்காக வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். கரகரப்புக்கு நடுவே ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் பிடித்துப் பழகிய காது. அந்தக் காதை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

ஊருக்குப் போய் மனைவி அழகம்மையிடம் சொன்னார்.

"ஐயா தனின்னு சொல்லிட்டார்."

அழகம்மை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் மகனின் பள்ளிக்கூடச் சட்டை.

"உங்களைப் பேர் சொல்லியா சொன்னார்?" என்று கேட்டாள்.

அடுத்த மாதமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். வீட்டுக்குப் பணம் அனுப்பத் தவறியதில்லை. ஆனால் வீட்டுப் பக்கம் போகவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அழகம்மை இறந்துபோனாள். மகன் நாச்சியப்பன் போனில் தகவல் சொன்னான். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. எத்தனை நாளாக உடம்பு சரியில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மகன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துக்கத்துக்கு வந்தவர்களோடு அவருக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டான். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்தில் வந்து, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான்.

திரும்பி வந்ததிலிருந்து தினமும் மதியம் பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் 'தனி' என்று கேட்டது. மறுநாள் 'தணி' என்று கேட்டது. தணி என்றால், அதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம். அழகம்மை துணி உலர்த்த, மகன் பக்கத்து அறையில் பாடம் படிக்க, அங்கேயே உட்கார்ந்து தணிந்திருக்கலாம். அந்த நினைப்பு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் அந்தக் கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் நூர்தீன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைரவநாதன் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து இரண்டையும் எடுத்து வைத்தார்.

"நல்ல ஹெட்போன் போட்டீங்கன்னா இரைச்சலும் தெளிவாக் கேக்கும் சார். ஆம்ப் போட்டீங்கன்னா இரைச்சலும் சேர்ந்து பெருசாகும். முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

வைரவநாதன் செல்போனில் ஏற்றி வைத்திருந்த பதிவை முதலில் புது ஹெட்போனில் கேட்டார். 'தணி'. பிறகு ஆம்ப்ளிஃபையரை இணைத்து, கொண்டுவந்திருந்த பழைய ஹெட்போனில் கேட்டார். 'தனி'. மாற்றி மாற்றி ஏழெட்டு முறை கேட்டார்.

"ஸ்பீக்கர்ல விடுங்க சார், நானும் கேக்குறேன்" என்றார் நூர்தீன். மறுபடி சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

கடை முழுக்க ஐயாவின் மூச்சு கேட்டது. பிறகு அந்தச் சொல். நூர்தீனின் கை பாத்திரத்திலேயே நின்றுவிட்டது.

"யார் சார் இது? ஆஸ்பத்திரியில எடுத்ததா?"

"ஒரு மகான்."

"தண்ணி கேக்குறாரே சார், பாவம்."

"இல்லைங்க. அது உபதேசம்."

"எங்க வாப்பா மூணு மாசம் படுக்கையில கிடந்தாரு. நாக்கு வறண்டு போச்சுன்னா தண்ணிங்கிறது இப்படித்தான் வரும். நான் பக்கத்துலயே இருந்து கேட்டவன் சார்."

வைரவநாதன் ஒயரைப் பிடுங்கினார். எதுவும் வாங்காமல் படி இறங்கினார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் அம்மா கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வைரவநாதன் போய் நின்றார்.

"ஹெட்போன்ல தணின்னு கேட்டுச்சு. ஆம்ப்ளிஃபையர்ல தனின்னு கேட்டுச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

"அங்கே என்ன கேட்டுச்சோ அதை அப்படியே சொல்லச் சொன்னேன்."

வைரவநாதன் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு, "கடைக்காரர் ஏதோ உளறினார்" என்றார்.

"என்ன உளறினார்?"

"ஐயா தண்ணி கேக்குறாராம்."

அம்மா கோபப்படுவார், அல்லது சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அம்மா இரண்டும் செய்யவில்லை. கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"மைக்கை நான்தான் பிடிச்சிருந்தேன்" என்றார். "அந்தச் சொல்லைச் சொன்னதும் அவர் கண்ணு அறை மூலையில இருந்த தண்ணிக் கூஜாவுக்குப் போச்சு. மறுபடி என் முகத்துக்கு வந்துச்சு. திரும்பவும் கூஜாவுக்குப் போச்சு. நாடாவுல கண்ணு பதியாது."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"மைக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அடுத்த சொல் வரும்னு."

கிணற்றடியில் காகம் ஒன்று வந்து சோற்றுப் பருக்கையைக் கொத்திக்கொண்டு போயிற்று.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தது அப்ப. புரிஞ்சது மறுநாள். குளிப்பாட்டும்போது உதட்டைத் துடைச்சேன். வெடிச்சுக் கிடந்துச்சு."

வைரவநாதன் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தார். அம்மா கீழே குந்தியிருக்க அவர் மேலே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்கு உறைக்கவில்லை.

"ஏன் சொல்லலை?"

"வந்தவங்க எல்லாரும் என்ன சொன்னார்னுதான் கேட்டாங்க. எப்படிப் போனார்னு யாரும் கேக்கலை." அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். "இல்லை, அதுவும் சாக்குத்தான். வெளியே சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாள் போகப் போக இன்னும் வெக்கமாப் போச்சு."

"நான் எந்தச் சொல்லை நம்பி வீட்டை விட்டு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்பவும் சொல்லலை."

"சொல்லலை."

"அழகம்மை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் கடைசியில் என்ன கேட்டாள் என்றுகூட அவர் மகனிடம் விசாரிக்கவில்லை.

துலக்கிய பாத்திரங்களில் ஈரம் காய்ந்தது.

"பன்னிரண்டு பேர் இருந்தீங்க" என்றார் வைரவநாதன். "ஒருத்தராவது அவருக்குக் கொடுத்தீங்களா?"

தையல்நாயகி அம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"காது கொடுத்தோம்" என்றார்.