நான்கு இடத்தில் ஒரு மாப்பிள்ளை

மலை மறைத்துக்கொண்டதால் செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத ஊர் சுண்டைப்பட்டி. அந்த ஊர் மாவு மில்லில் வேலை பார்த்த சடையப்பனுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியும் பெண் அமையவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பஜ்ஜி அமைந்தது, பேச்சுதான் அமையவில்லை. ஒரு வீட்டில், "பெண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "இன்னும் பிடிக்கலைங்க, தூரத்துலதான் நிக்குது" என்று பதில் சொல்லிவிட்டு வந்தவர் அவர். தன் மூளையைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. "மழையில நனைஞ்சு கெட்டுப்போகுமேன்னு என் தலைக்குள்ள சாமி ஒண்ணும் வைக்கலை போல" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

இந்த முறை பெண் வீட்டார் உஷாராக இருந்தார்கள். பெண் பூரணி, பள்ளிக்கூட டீச்சர். "முதல்ல வீடியோவுல பார்ப்போம். பிடிச்சா நேர்ல வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நல்லவேளையாக அந்த மாதம்தான் ஊருக்கு வைஃபை வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மேல் பெட்டியைப் பொருத்தினார்கள். அதைக் காப்பாற்ற ஒரு கமிட்டியும் போட்டார்கள். தலைவர், சடையப்பனின் தாய்மாமன் வெள்ளைச்சாமி. உறுப்பினர்கள், மச்சான் உருமநாதனும் தையல்காரி பாக்கியம் அத்தையும். இவர்கள் கமிட்டிக்கு வந்தது, வேறு யாரும் வராததால்.

சோதனைக்காகச் சடையப்பன் சமுதாயக்கூடத்தில் இருந்து திருப்பூரில் உள்ள தம்பிக்கு வீடியோ போட்டார். வாயைத் திறந்தபடி படம் உறைந்து நின்றது. "அண்ணே, கொட்டாவி விடுறியா, இல்ல பல் டாக்டருக்குக் காட்டுறியா?" என்று தம்பி கேட்டான்.

பூரணி வீட்டார் இந்தக் கோலத்தைப் பார்த்தால் கதை முடிந்தது. பெட்டியைப் பொருத்திய இன்ஜினியர் ஹேமாவை வரச்சொன்னார்கள். அவர் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

"அண்ணே, காத்துல போற பாதையை மெல்லிய இழை இழையாப் பிரிச்சிருக்கோம். ஒரு போனுக்குப் பக்கத்துப் பக்கத்து இழையாக் கொத்தா ஒதுக்கினா, ஒரு இடத்துல இவ்வளவு சக்திதான்னு சட்டம் இருக்கு. அதனால போன் மெதுவாப் பேசுது, தொட்டி வரைக்கும் எட்டலை. அதே இழைகளை அகலம் முழுக்க அங்க ஒண்ணு இங்க ஒண்ணாத் தூவிட்டா, ஒவ்வொரு இடத்துலயும் சட்டத்துக்கு உள்ளேயே இருக்கும். மொத்தத்துல சத்தம் கூடிடும். சிதறி வந்ததை வாங்குற பெட்டி சேர்த்துக்கும். சுருக்கமா, எல்லாத்தையும் ஒரே இடத்துல குவிக்காம பிரிச்சுத் தூவணும்."

"புரிஞ்சுபோச்சு தாயி!" என்றார் வெள்ளைச்சாமி. அடுத்த ஊரில் வேலை இருந்ததால் ஹேமா வேனில் ஏறினார். "பெட்டியோட செட்டிங்ல ஒரு பொத்தான் இருக்கு" என்று அவர் ஜன்னல் வழியாகச் சொல்லும்போது, புரிந்துபோனவர்கள் நால்வரும் அன்போடு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹேமாவுக்கு இந்த ஊரைத் தெரியும். வேனில் போய்க்கொண்டே தன் லேப்டாப்பில் இருந்து அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டார். இழைகள் தூவப்பட்டன. இது நால்வருக்கும் தெரியாது.

அவர்கள் கமிட்டி கூட்டிவிட்டார்கள்.

"குவிஞ்சிருக்கிறது எது? அதைக் கண்டுபிடிக்கணும்" என்றார் வெள்ளைச்சாமி.

உருமநாதன் சடையப்பனைச் சுற்றி வந்து பார்த்தான். "மாமா, மச்சான்தான் குவிஞ்சிருக்காரு. முகம், கை, காலு, குரலு எல்லாம் ஒரே ஆளுகிட்ட, ஒரே நாற்காலியில."

"அட, ஆமா! ஒரு போனு இத்தனையை எப்படிச் சுமக்கும்?" என்றாள் பாக்கியம் அத்தை.

சடையப்பனுக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. இத்தனை வருடமாக எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாரே! "சரி, பிரிச்சிடுங்க மாமா. ஆனா என் கையை வேற இடத்துக்கு எப்படி அனுப்புறது?"

வெள்ளைச்சாமி யோசித்தார். "உன் கை வராட்டி என் கையை வச்சுக்க. தாய்மாமன் கை, முறையுள்ள கைதான்."

அப்படியே ஒதுக்கீடு முடிந்தது. முகம், சமுதாயக்கூடத்தில் சடையப்பன். கை, தொட்டியடியில் வெள்ளைச்சாமி. கால், பள்ளிக்கூட மைதானத்தில் உருமநாதன். குரல், ரேஷன் கடை வாசலில் பாக்கியம் அத்தை.

"முகம் பேசக் கூடாது. பேசினா மறுபடியும் குவிஞ்சிடும்" என்று மாமா எச்சரித்தார்.

மறுநாள் காலை நால்வரும் ஒரே அழைப்பில் சேர்ந்தார்கள். பூரணி வீட்டு டிவியில் நான்கு கட்டங்கள் வந்தன. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நரைமுடி முளைத்த இரண்டு கைகள் வணக்கம் போட்டன. பக்கத்துக் கட்டத்தில் இரண்டு கால்கள் பணிவாக நின்றன. ரேஷன் கடைப் பூட்டு ஒரு கட்டத்தில் தெரிந்தது. முகம் உதட்டை இறுக்கி மூடியிருந்தது.

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தம்பி என்ன வேலை பார்க்கிறீங்க?"

பூட்டு தெரிந்த கட்டத்தில் இருந்து பாக்கியம் அத்தையின் குரல் வந்தது. "மாவு மில்லுல இருக்கேனுங்க."

வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள், "சமையல் தெரியுமா?"

"மீன் குழம்பு வச்சேன்னா தெருவே மணக்கும்" என்றது குரல். அது உண்மை, பாக்கியம் அத்தையின் குழம்பு அப்படித்தான். முகம் திகிலோடு கண்ணை உருட்டியது.

பெண்ணின் அம்மா குழம்பிப்போய், "மாப்பிள்ளை எந்திரிச்சுக் கொஞ்சம் நடந்து காட்டட்டும்" என்றார்.

கால்கள் நடந்தன. மைதானத்து நாய் ஒன்று அவற்றைக் கண்டது. கால்கள் ஓடின. நாயும் ஓடியது. கட்டத்தில் புழுதி மட்டும் மிஞ்சியது. "ஐயோ, கடிச்சிடப் போகுது!" என்று குரல் அலறியது. கைகள் பதறின. முகம் மட்டும், மாமாவின் எச்சரிக்கைக்குக் கட்டுப்பட்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 'இந்த இடமும் போச்சுடா சடையப்பா. முட்டாள்தனத்தைக்கூட உன்னால தனியாச் செய்ய முடியலை, நாலு பேர் வேண்டியிருக்கு' என்று அது தனக்குள் சொல்லிக்கொண்டது.

பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னாள், "வீட்டுல கலகலப்பு இருக்கும்பா. வெள்ளிக்கிழமை நேர்ல வரச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும், வரும்போது முழுசா வரணும்."

வெள்ளிக்கிழமை நால்வரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். முழுசாக வரச் சொல்லியிருக்கும்போது எந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போவது? எல்லோரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள்.

"எத்தனை பேரு?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ஒரு மாப்பிள்ளை" என்றார் வெள்ளைச்சாமி.

கண்டக்டர் விரலை நீட்டி எண்ணினார். "நாலு பேரு நிக்கிறீங்களே?"

"நாலும் சேர்ந்துதான் தம்பி ஒண்ணு. இவன் முகம், நான் கை, அவன் காலு, அத்தை குரலு."

"பெண்களுக்கு டிக்கெட் இலவசம். மத்த மூணு பேருக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

கமிட்டி பஸ்ஸிலேயே கூடியது. முகத்துக்கு டிக்கெட் வேண்டும், பெண் வீட்டில் முதலில் பார்ப்பது அதைத்தான். கைக்கும் வேண்டும், கம்பியைப் பிடிக்கப்போவது அதுதான். "ஆனா காலுக்கு எதுக்கு டிக்கெட்? அது தானா ஓடி வந்துடுமே" என்றான் உருமநாதன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவன் இறங்கிக்கொண்டான். பஸ் கிளம்பியது.

சடையப்பன் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தார். புழுதியில் அவருடைய கால் பஸ்ஸை விரட்டிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைப் பற்றி அவருக்குப் பெருமையாக இருந்தது.

"மாமா, இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் அவர். "நான் எவ்வளவு வேகமா ஓடுறேன், பாருங்க!"