நடனத்தை நிறுத்திய தேனீ

ஓடையின் மேல் சாய்ந்த புங்கமரத்தில், மெல்லிய கிளையொன்றில் ஒரு தேனடை தொங்கியது. அங்கே வாழ்ந்த நாட்களை நினைத்தால் பூவரசி என்ற தேனீக்கு இன்றும் சிறகு கனத்துவிடும்.

பூ பூத்த சேதி கொண்டு வருவது அவள் வேலை. அடையில் வந்து ஆடிக் காட்டுவாள். ஆட்டத்தைப் பார்த்ததும் கூட்டம் அந்தத் திசைக்குப் பறக்கும்.

அடையின் நடுவில், ராணியின் பக்கத்தில், மரிக்கொழுந்து என்ற தேனீ இருந்தாள். அவள் வெளியே போனதே இல்லை. காலி அறை எத்தனை, கிளை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். போதுமென்று பட்டால் பூவரசியின் நெற்றியில் மெல்ல முட்டுவாள். ஆட்டம் நின்றுவிடும். பிறகு, "வெளியே வெயில் எப்படி? ஓடையில் தண்ணீர் வந்ததா?" என்று ஆசையாகக் கேட்பாள். பூவரசி எல்லாவற்றையும் சொல்லுவாள். எவ்வளவு இதமான மாலைகள் அவை!

ஒரு சித்திரையில் புங்கும் வேம்பும் சேர்ந்து பூத்தன. பூவரசி விடாமல் ஆடினாள். மரிக்கொழுந்து முட்டினாள்.

"என்னைத் தடுக்காதே. இந்தப் பூ பத்து நாள்தான் இருக்கும்."

"கிளை தாங்காது, பூவரசி."

"வெளியே போகாதவளுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?"

"பூவைப் பற்றித் தெரியாது. அடையைப் பற்றித் தெரியும்."

கூட்டம் சிரித்தது. மரிக்கொழுந்தை அடையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதன்பின் ஆட்டத்தை நிறுத்த ஆளில்லை. தேன் வந்து குவிந்தது. அடை நாளுக்கு நாள் பருத்தது.

ஏழாம் நாள் பிற்பகல் காற்று அடித்தது. கிளை முறிந்து அடை ஓடையில் விழுந்தது. அறைகளில் இருந்த குஞ்சுப் புழுக்கள் எல்லாம் தண்ணீரோடு போயின. தேனில் சிக்கிய ராணியை யாரோ கீழிருந்து முட்டி மேலே தள்ளினார்கள். பூவரசி எட்டிப் பார்த்தாள். மரிக்கொழுந்துதான். பறந்து பழகாத அவளால் மேலே வர முடியவில்லை.

மிஞ்சியவர்கள் நுணா மரத்தில் புது அடை கட்டினார்கள். பூவரசி ஆடப் போகவில்லை. ராணியின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள். அவள் முட்டும்போது ஆட்டக்காரிகள் முணுமுணுப்பார்கள். அவள் கோபிப்பதில்லை.

அடைக்கு மரிக்கொழுந்து இருந்ததுபோல, 'வளர்' என்ற கட்டளை உடம்பின் உயிரணுக்களுக்குள் வரும்போது, அணுவின் நடுவே உள்ள உட்கருவில் இருந்தபடி அதை அளவோடு நிறுத்தும் புரதங்கள் இருப்பதால்தான் உடம்பு புற்று வராமல் பிழைக்கிறது; ஆகவே உள்ளே இருந்து 'போதும்' என்பவரை ஒருநாளும் பகையாக எண்ணக் கூடாது.