சடையாண்டி மோதிரத்துக்கு டோக்கன் போட்ட கதை

ஆட்டுத் தரகு சடையாண்டிக்குக் கோபம் வந்தால் கையை உதறுவான். இந்தக் கதையில் அவன் ஒரே ஒரு தடவைதான் உதறினான். மற்றதெல்லாம் அந்த உதறலின் பலன்.

சந்தைத் தோப்பில் அன்றைக்கு ஒரு கிடாய்க்கு விலைப் பேச்சு. அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. வாங்குகிறவனும் தரகனும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் நடக்கும். வந்தவன் பிடித்த விரலைப் பார்த்தால் கிடாய்க்கு விலை கேட்டதாகத் தெரியவில்லை, அதன் கொம்புக்கு மட்டும் கேட்டதுபோல இருந்தது. சடையாண்டிக்குச் சுள்ளென்று ஏறியது.

"போய்யா! அங்கிட்டுக் கோழி விக்கிறான், அவன்கிட்டப் போயி விரலை நீட்டு!" என்று கையை உதறினான்.

துண்டு ஒரு பக்கம் போனது. வந்தவன் ஒரு பக்கம் போனான். சடையாண்டியின் கல்யாண மோதிரம் எந்தப் பக்கம் போனதென்று யாரும் பார்க்கவில்லை.

அது மாமனார் உக்கிரபாண்டி போட்ட மோதிரம். அந்தக் காலத்தில் சடையாண்டி அடுத்தவன் ஆட்டை மேய்த்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மனசில்லாமல் பொண்ணைக் கொடுத்த மாமனார், பந்தலே கேட்கும்படி சொல்லித்தான் போட்டார்: "ஒன் கையில ஒண்ணும் நிக்காது மாப்ள. இதாவது நிக்குதா பாப்போம்." அதற்கப்புறம் ஏமாந்து, அடிபட்டு, வாயாடி, சந்தைக்கே பெரிய தரகனாகிவிட்டான் சடையாண்டி. இருந்தாலும் உக்கிரபாண்டி எப்போது வந்தாலும் முதல் வேலையாக மாப்பிள்ளை கையைப் பிடித்து மோதிரத்தை ஒரு உருட்டு உருட்டுவார். அப்புறந்தான் செம்புத் தண்ணியைத் தொடுவார்.

அந்த மனுசர் சாயங்கால பஸ்ஸில் வருகிறார்.

பொண்டாட்டி பவுனுத்தாயிக்குப் போன் போட்டான். "எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "மோதிரத்தோட வந்தா சோறு. வெறுங்கையோட வந்தா ஆட்டுக்குப் போடுற கொழையத் தின்னுட்டு அங்கயே படுங்க."

வேறு வழியில்லாமல் கூட்டாளிகளைக் கூப்பிட்டான். சோணைமுத்து, கருத்தபாண்டி, வெள்ளைக்கண்ணு என்று மூன்று பேர். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் வேலை. உள்ளே போகிறவர்களை மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்ப்பதும், பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுப்பதும் அவர்கள் பாடு. லீவுக்குக் கிளம்பும்போது மேனேஜர், "டூட்டிச் சாமானைப் பத்திரமாப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்லியிருந்தார். அதனால் டிடெக்டர், தட்டு, பித்தளை டோக்கன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஊருக்கே கொண்டுவந்து பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சடையாண்டி முதலில் கூலி பேசினான். "மோதிரம் கிடைச்சா கறிச்சோறு."

"கிடைக்கலைன்னா வெறுஞ்சோறாண்ணே?" என்றான் கருத்தபாண்டி.

"கிடைக்கலைன்னா எனக்கே சோறு இல்லடா!"

மூவரும் யூனிபார்ம் மாட்டி, விறைப்பாக வந்து நின்றார்கள். டிடெக்டரைக் கையில் வாங்கிய சோணைமுத்து தரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், சடையாண்டியைப் பார்த்தான்.

"ஒரு சிக்கல்ணே. கையைத் தூக்கி நின்னாத்தான் சோதிக்கணும். அது ரூல். தரைக்குக் கை இல்லையே."

"இந்தா இந்தப் புளியமரம் தூக்கித்தான நிக்குது" என்றான் வெள்ளைக்கண்ணு.

நியாயந்தானே என்று புளியமரத்தை அடி முதல் எட்டின மட்டும் சோதித்தார்கள். தராசு மாட்ட அடித்திருந்த ஆணிக்குப் பக்கத்தில் டிடெக்டர் கத்தியது. சோணைமுத்து தட்டை நீட்டி, "ஐயா, அதைக் கழட்டி இதுல வைங்க" என்றான். மரம் வைக்கவில்லை.

"ஒத்துழைக்க மாட்டேங்குறாருண்ணே."

"அடேய், கீழ தேடுங்கடா!" என்று சடையாண்டி தொண்டை கிழியக் கத்தினான். கையை உதறப் போனவன், உதற மோதிரம் இல்லையென்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். வெள்ளைக்கண்ணுவைத் தோளைப் பிடித்து இழுத்துவந்து ஓரிடத்தில் நட்டான். "நான் இங்கதாண்டா நின்னேன். இதுதான் அடையாளம். நான் சொல்ற வரைக்கும் இந்த எடத்தை விட்டு அசையாதே!"

வெள்ளைக்கண்ணு அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதற்கும் அசையவில்லை.

தேடல் அவன் காலடியிலிருந்தே ஆரம்பித்தது. டிடெக்டரைக் கீழே கொண்டுபோனதுதான் தாமதம், வீல் வீலென்று கத்தியது. சடையாண்டி பாய்ந்து வந்தான்.

"அது இவன் பூட்ஸ் லாடம்ணே" என்றான் கருத்தபாண்டி. "கடையிலயும் இப்பிடித்தான் கத்தும். நாங்க கண்டுக்கிறதில்ல."

சடையாண்டிக்கும் அது சரியாகத்தான் பட்டது. தள்ளிப் போய்த் தேடினார்கள்.

நாலு எட்டுத் தள்ளிக் கத்தியது. தோண்டினால் ஒரு ஆட்டு மணி. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, குழிக்குள் ஒரு பித்தளை டோக்கனைப் போட்டு மண்ணைத் தள்ளினான் சோணைமுத்து.

"அதுக்கு எதுக்குடா டோக்கன்?"

"பொருளை வாங்கிக்கிட்டு டோக்கன் குடுக்கலைன்னா நாளைக்கு ஒரு பேச்சு வரும்ணே."

அப்புறம் ஒரு மூடி, ஒரு அரிவாள் முனை, ஒரு துருப்பிடித்த கொக்கி. ஒவ்வொன்றுக்கும் டோக்கன். சுற்றி முடித்து இரண்டாவது தடவை வந்தார்கள். இப்போது முன்னைவிட நன்றாகக் கத்தியது. தோண்டினால் டோக்கன். அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு டோக்கன் போட்டார்கள்.

"தோப்பு பூராப் பித்தளையா இருக்குண்ணே!" என்று கருத்தபாண்டி வாயைப் பிளந்தான். "நீங்க மோதிரத்துக்குப் போயி அலையிறீங்க!"

சடையாண்டி தலையில் அடித்துக்கொள்ளும்போது தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. பதறிப்போய்த் துண்டை எடுத்துக் கையில் சுற்றினான். "நான் போயி மாமனாரைக் கூட்டிட்டு வாரேன். தேடுங்க. கிடைச்சதும் குழியெல்லாம் மூடிருங்க, ஆடு காலை ஒடிச்சுக்கும். ஒருத்தனையும் சோதிக்காம வெளிய விடாதீங்க!"

உக்கிரபாண்டி டயர் செருப்புச் சரசரக்க பஸ்ஸிலிருந்து இறங்கினார். இறங்கினதுமே கையை நீட்டினார்.

"கையில என்ன மாப்ள துண்டு?"

"புண்ணு மாமா. காத்துப் படக்கூடாதாம். வாங்க, விருந்துக்குக் கட்டியிருக்கிற கிடாயைத் தோப்புல ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருவோம்."

தோப்புக்குள் நுழைந்ததும் சடையாண்டிக்குப் பாதி உயிர் வந்தது. ஒரு குழி இல்லை. தரை வேப்பங்கொழையால் கூட்டி வழவழவென்று இருந்தது. மாமனார் கிடாயைப் பார்க்கத் தரையை மிதித்துக்கொண்டு போனதும், சோணைமுத்து சல்யூட் அடித்துக் காதோடு சொன்னான்.

"கிடைச்சிருச்சுண்ணே!"

"என் ராசா! எங்கடா?"

"ஒப்படைச்சாச்சு."

"யாருகிட்ட?"

"யாருகிட்ட எடுத்தமோ அவங்ககிட்டத்தான். டூட்டி முடிஞ்சா டோக்கனைத் திருப்பி வாங்கிட்டுப் பொருளைக் குடுத்துரணும்ல? தரைகிட்ட எடுத்ததைத் தரையிலயே வச்சு லேசா மண்ணைத் தள்ளி மூடிட்டோம். எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டோம். ஒண்ணும் மறுத்துப் பேசல."

சடையாண்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். "எந்த எடத்துலடா?"

"வெள்ளைக்கண்ணு காலுக்கு நேர் கீழ."

சடையாண்டி திரும்பிப் பார்த்தான். வெள்ளைக்கண்ணு தோப்பின் அந்தக் கோடியில், புளியமரத்து நிழலில், விறைத்து நின்றான்.

"அவன் எப்பிடிடா அங்க போனான்?"

"அவன் அசையலண்ணே. வெயிலா இருக்குன்னு நாங்கதான் தூக்கி நிழல்ல வச்சோம். தூக்கினாத்தான் மோதிரமே தெரிஞ்சுச்சு. அடையாளம் அப்பிடியே இருக்கு பாருங்க. எடந்தான் மாறிப்போச்சு."

"என்ன மாப்ள எடம், என்ன மோதிரம்?" என்று பின்னாலிருந்து கேட்டது. உக்கிரபாண்டி வந்து சடையாண்டி கையிலிருந்த துண்டை உருவினார். வெறும் விரல்.

"அன்னைக்கே சொன்னேன்" என்றார். "ஒன் கையில ஒண்ணும் நிக்காதுன்னு." திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

"ஐயா, நில்லுங்க! சோதிக்காம விடக்கூடாதுன்னு அண்ணன் உத்தரவு" என்று கருத்தபாண்டி மறித்தான். உக்கிரபாண்டி முறைத்தார். முறைத்தவரையே தடவினார்கள். இடது காலில் கத்தியது. டயர் செருப்பின் பள்ளத்தில், மண்ணோடு மண்ணாக, மோதிரம் பல்லைக் காட்டிக்கொண்டு சொருகியிருந்தது.

"மாமா, அது என்னுது!" என்று சடையாண்டி பாய்ந்தான்.

சோணைமுத்து குறுக்கே நின்றான். "ஐயாகிட்ட எடுத்த பொருள்ணே. ஐயாகிட்டத்தான் குடுப்போம்." துடைத்து உக்கிரபாண்டியிடமே நீட்டினான்.

மாமனார் மோதிரத்தைத் தன் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் ஆட்டு வியாபாரிதான். "வேணும்னா வெல பேசி வாங்கிக்க மாப்ள" என்று துண்டை விரித்தார்.

இருவர் கையும் துண்டுக்குள் போனது. மாமனார் ஐந்து விரலையும் பிடித்தார். சடையாண்டி பல்லைக் கடித்தான். அவன் இரண்டு விரலைப் பிடித்தான். மாமனார் முடியாதென்று தலையாட்டினார். சோணைமுத்து இதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். துணிக்குள் கையை விட்டிருப்பவர்களை அவன் கடையில் விட்டதே இல்லை.

"ரெண்டு பேரும் கையைத் தூக்குங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டான்.

பதறித் தூக்கினார்கள். துண்டு பறந்தது. உக்கிரபாண்டியின் சுண்டுவிரலிலிருந்து மோதிரமும் பறந்தது. வழவழவென்று கூட்டியிருந்த மண்ணுக்குள் போய் விழுந்து மறைந்தது.

அப்புறம் சடையாண்டியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"மாமா... ஒங்க கையிலயும் நிக்கலையே!"

உக்கிரபாண்டி தன் வெறும் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பொண்ணுக்கு இனி இருவருமாகத்தான் பதில் சொல்லியாக வேண்டும். "பேசாம தேடு மாப்ள" என்றார் சன்னமாக. "ஏம்ப்பா, விழுந்த எடம் மறந்துரப் போகுது. சட்டுனு அங்க ஒரு அடையாளத்தை வைங்க!"

சோணைமுத்துவும் கருத்தபாண்டியும் ஓடிப்போய், வெள்ளைக்கண்ணுவை அசையாமல் தூக்கிவந்து, மோதிரம் விழுந்த இடத்திலேயே கச்சிதமாக வைத்தார்கள். பிறகு டிடெக்டரை அவன் காலடிக்குக் கொண்டுபோனார்கள். வீல் வீலென்று கத்தியது.

"அது லாடம்ணே" என்றான் கருத்தபாண்டி. "அங்கிட்டுத் தள்ளித் தேடுவோம்."