"கேட்டேனே!" என்ற நரி

ஒரு காட்டுல, புள்ளைங்களா, குளம்னு இருந்தது ஒண்ணே ஒண்ணு. அடுத்த குளத்துக்கு மூணு நாள் நடக்கணும்.

நல்ல கோடை. ஒரு நாள் விடியக்காலையில குளத்தங்கரை மரத்துல ஓலை ஒண்ணு தொங்குச்சு.

"கரை இடியுது. அதனால, வாலைத் தரையில இழுத்துக்கிட்டு வர்ற யாரும் இனிமே குளத்துப் பக்கம் வரக் கூடாது. இப்படிக்கு, குள அதிகாரி நரி." அதுக்குக் கீழ சிங்கராஜாவோட நக முத்திரை.

அந்தக் காட்டுல வாலை இழுத்துக்கிட்டு நடக்கிறது ஒரே ஒரு ஆளுதான். உடும்பு. அதுக்கு வயித்துல இருபது முட்டை, நாக்குல சொட்டு ஈரமில்ல.

"நரியாரே, தண்ணி இல்லாம நான் எப்படிப் பொழைப்பேன்?"

"ஆணைன்னா ஆணைதாம்மா. வேணும்னா வாலைத் தோள்ல போட்டுக்கிட்டு வாயேன்! ஹிஹி!"

உடும்பு, நரிக்கு மேலதிகாரியான கரடிகிட்ட போச்சு. கரடி இலுப்பைப் பூவை மென்னுக்கிட்டே, "நரி எழுதினா... ம்ம்... சரியாத்தான் இருக்கும். நாளைக்கு வா" அப்படின்னுச்சு.

மறுநாள் போனா, "நாளைக்கு வா."

மூணாம் நாள் உடும்பு பேசவே இல்ல. லபக்குனு கரடியோட காலைப் பிடிச்சுது. உடும்புப் பிடி! கரடி உதறுச்சு, உருண்டுச்சு, மரத்துல தேய்ச்சுப் பாத்துச்சு.

"அய்யய்யோ! உடும்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், காலை விட்டாப் போதும்! மொட்டைப் பாறை மன்றத்துக்குப் போய்த் தொலை!"

"அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" அப்படின்னு உடும்பு காலை விட்டுச்சு.

மொட்டைப் பாறை மன்றத்துக்கு ஒரே வேலை. ராஜாவோட ஆளுங்க போட்ட ஆணை சட்டப்படி போட்டதுதானான்னு பாக்கும். அது சொன்னதுக்கு மேல பேச்சு கிடையாது. நீதிபதி யானையம்மா.

உடும்பு மூச்சு வாங்கப் பாறை ஏறுச்சு. ஓலையை எடுத்துக்கிட்டு நரியும் வந்துச்சு. சிங்கராஜாவே வந்துட்டாரு.

"என்னோட முத்திரைக்கே வழக்கா?"ன்னு ஒரு கர்ஜனை.

யானையம்மா அசையல. "முத்திரை உங்களுது ராஜா. இந்தப் பாறையில செதுக்கின சட்டமும் நீங்க போட்டதுதான். கொஞ்சம் படிங்க."

ராஜா தொண்டையைக் கனைச்சாரு. "'ஆணையால யாருக்குப் பாதகமோ, அவங்களைக் கேட்டுட்டுத்தான் ஆணை போடணும்.'"

"கேட்டேனே!" நரி துள்ளுச்சு. "ஓலை கட்டுறதுக்கு முந்தின நாளே இவ பொந்துக்குப் போய்க் கேட்டேனே!"

"என்னன்னு கேட்ட?"ன்னாங்க யானையம்மா.

"'என்னடி, நீயாப் போறியா, நான் வெரட்டணுமா?'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"அவ சொல்றதையா? அதுக்கெல்லாம் நான் எங்க நின்னேன்!"

யானையம்மா ரெண்டு காதையும் மெதுவா விரிச்சாங்க.

"கேட்டது உன் வாயி. சட்டம் கேக்கச் சொன்னது காதால. இந்த ஆணை செல்லாது!"

ஓலையைக் கீழ போட்டு ஒரே மிதி. தூள் தூள்.

நரி விடல. "அப்போ இனிமே குளத்தை நீங்களே பாத்துக்கப் போறீங்களாக்கும்?"

"அது என் வேலை இல்ல. கரையைக் காக்குறது உன் வேலை, புது ஆணை போடுறதும் உன் வேலை. முறையாப் போடுறியான்னு பாக்குறதுதான் என் வேலை. அதுவரைக்கும் இவ பழையபடி தண்ணி குடிப்பா. இப்போ காதை நீட்டிக் கேளு. உடும்பு, நீ சொல்லும்மா."

நரி வேண்டா வெறுப்பா ஒரு காதை நீட்டுச்சு.

"கரை என் வாலால இடியல" அப்படின்னுச்சு உடும்பு. "கரைக்குள்ள யாரோ வளை தோண்டியிருக்காங்க. ஆறு வாசல். தினமும் தோண்டுறாங்க. யாரோட வளைன்னு சொல்லட்டுமா?"

சிங்கராஜா மெதுவாத் திரும்பி நரியோட காலைப் பாத்தாரு. முழங்கால் வரைக்கும் குளத்துச் சேறு.

உடும்பு அதுக்கப்புறம் அங்க நிக்கல. வாலைத் தரையில நல்லா இழுத்துக்கிட்டே குளத்துக்குப் போய், மடக் மடக்னு தண்ணி குடிச்சுது.

நீதி: காது கொடுக்காமல் போட்ட ஆணை, ராஜ முத்திரை இருந்தாலும் செல்லாது.