தாமதமாக வந்த அலை

அப்படியேதுறை என்ற ஊர்க்காரர்களிடம் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே ஆபத்து அதுதான். அந்த ஊரிலிருந்து கஸ்பார், லொயோலா, ரொசாரி ஆகிய மூவரைத் தன் ஆராய்ச்சிக் கப்பலில் சேர்த்துக்கொண்டாள் பூங்கோதை.

நடுக்கடலின் அடியில் ஒரு மலைத்தொடர். அதன் கீழே எங்கே பாறை உருகிக் கிடக்கிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். கடலடியில் மூன்று பெட்டிகள். கம்பி வழியே கப்பலில் மூன்று பேனாக்கள். எங்கோ நிலம் நடுங்கினால் அதிர்வலை வந்து பெட்டிகளைத் தொடும், பேனாக்கள் துள்ளும். உருகிய பாறைக்குள் அலை மெதுவாகத்தான் போகும். ஆகவே எந்தப் பெட்டிக்குத் தாமதமாக வருகிறதோ, அதன் அடியில்தான் தீக்குழம்பு. ஐந்தே நாள் அனுமதி. அதற்குள் நிலம் நடுங்காவிட்டால் மூன்று வருஷப் படிப்பு வீண்.

“பெட்டியைக் குழந்தை மாதிரி இறக்குங்க,” என்றாள். பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டு வைத்து, தாலாட்டுப் பாடி இறக்கினார்கள். ஒரு நாள் போயிற்று.

“இனிமே சத்தமே கூடாது.” லொயோலா குக்கர் விசிலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். கப்பலே அரைவேக்காட்டுச் சோறு தின்றது.

ஐந்தாம் நாள் காலை, பூங்கோதை கப்பல் ஓரத்தில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பேனாக்கள் துள்ளின. சத்தம் கூடாதே, அவளை யாரும் கூப்பிடவில்லை. ரொசாரி மூன்று வரை எண்ணினான். மூன்றாவது பேனா அசைந்தது. கஸ்பார் உடனே அதன் கம்பியைப் பிடுங்கினார்.

“பாவம்ணே, தூரத்துலேருந்து வந்திருக்கு,” என்று கிசுகிசுத்தான் லொயோலா.

“வள்ளம் தள்ளினப்புறம் வந்தவனை நம்ம துறையில ஏத்துவோமா? என் மச்சானையே ஏத்தலையேடா!”

“ஞாயந்தான். நாளைக்கு வரச் சொல்லுங்க.”

பூங்கோதை வந்து பார்த்தாள். இரண்டு தாளில் நீண்ட கோடு. மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி.

“அவன் லேட்டு மேடம். திருப்பி அனுப்பிட்டோம்,” என்றார் கஸ்பார்.

அவள் அழத் தொடங்கினாள். பிறகு ஸ்கேலை எடுத்து, மற்றக் கோடுகள் தொடங்கிய இடத்திலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தாள். மூன்று நொடி! துள்ளிக் குதித்தாள். “அட மக்குங்களா, லேட்டா வந்ததுதான் எனக்கு வேணும்! உள்ளே உருகியிருந்தாத்தான் மெதுவா வரும்!”

மறுநாள் பெட்டிகளை மேலே ஏற்றும் ஆறு மணி வேலைக்குக் கஸ்பாரும் லொயோலாவும் நண்பகலில் ஆடி அசைந்து வந்து, அவள் முன்னால் நீட்டிப் படுத்தார்கள். “எங்களுக்குள்ளே எவ்வளவு உருகியிருக்குன்னு அளந்து பாருங்க மேடம்.”

ரொசாரி பழக்கதோஷத்தில் ஆறு மணிக்கே வந்திருந்தான். அவனுக்கு உள்ளே எல்லாமே கெட்டிப் பாறை என்று, இருவரும் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், சத்தமே இல்லாமல்.