இறந்தவர் அட்டை

ஒரு நாட்டின் தரைப்படையும் கடற்படையும் விமானப்படையும் ஒரு கோடைகாலத்தில் ஒரு நீண்ட கடற்கரையில் கூடிப் பொய்ச் சண்டை போட்டன. குண்டுகள் பொய், எதிரி பொய், சாவும் பொய். வெயில் மட்டும் நிஜம்.

பொய்ச் சண்டையில் யார் செத்தார், யார் பிழைத்தார் என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அட்டைகள் இருந்தன. கையில் வெள்ளைத் துணி கட்டிய நடுவர்கள் மணலில் நடந்து வந்து, ஆளைப் பார்த்து அட்டையைக் கழுத்தில் மாட்டுவார்கள். சிவப்பு அட்டை என்றால் காயம்பட்டவர். ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக் கப்பலில் இருக்கும் டாக்டரிடம் கொண்டுபோகும். கறுப்பு அட்டை என்றால் இறந்தவர். சாயங்காலம் விசில் ஊதும் வரை அசையாமல், பேசாமல் கிடக்க வேண்டும்.

நம் கதை ஒரு கறுப்பு அட்டையைப் பற்றியது. அதற்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

"பீரங்கி ஆயிரம் முறை வெடித்தாலும் நான் சொன்னால்தான் சாவு" என்று அது மற்ற அட்டைகளிடம் மார்தட்டும். "என் பேச்சுக்கு மறுபேச்சு உண்டா? தளபதியின் உத்தரவைக்கூட இரண்டு தரம் கேட்பார்கள். என்னை ஒரு தரம் பார்த்தால் போதும்."

மூன்றாம் நாள் உச்சிவெயிலில், நடுவர் சுபேதார் தனஞ்செயன் அந்த அட்டையை லான்ஸ் நாயக் இசக்கிமுத்துவின் கழுத்தில் மாட்டினார். படகிலிருந்து குதித்து, முதுகில் முப்பது கிலோ மூட்டையோடு மணல்மேட்டைப் பார்த்து ஓடி வந்தவன் அவன்.

"நீ செத்துட்டலே. படு."

"சாப், பாட்டில் காலி. தண்ணி வண்டிக்குப் போயி ஒரு மடக்கு குடிச்சிட்டு வந்து செத்துக்கிடட்டுமா?"

"செத்தவனுக்கு ஏதுலே தண்ணி? வாயை மூடிக்கிட்டுப் படு."

சுற்றிலும் இருந்தவர்கள் சிரித்தார்கள். இசக்கிமுத்துவும் சிரித்துக்கொண்டே படுத்தான்.

முதல் அரைமணி நேரம் அட்டைக்கு ஒரே எரிச்சல். அவன் வியர்வை ஆறாக ஓடிக் கயிற்றை நனைத்தது. "என்ன மனுஷன் இவன், செத்தும் வியர்க்கிறான்" என்று அது முணுமுணுத்தது. பிறகு வியர்வை நின்றது. கயிறு காய்ந்தது. அப்பாடா என்று அட்டை நிம்மதியாக மல்லாந்தது.

நிம்மதி நீடிக்கவில்லை. அடியில் இருந்த மார்பு அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகச் சுட்டது. மூச்சு நாய் இளைப்பதுபோல் வந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, கதவைத் திற, வெக்கையா இருக்கு" என்றான். அட்டைக்குத் திக்கென்றது. வியர்வை நின்றதற்குச் சந்தோஷப்பட்டோமே என்று அது தன்னையே திட்டிக்கொண்டது.

பொருள்களின் பேச்சு மனிதர் காதில் விழாது. அதனால் அது பொருள்களைத்தான் கூப்பிட்டது. இருபதடி தள்ளி ஒரு டாங்கி நின்றது.

"டாங்கி அண்ணே! இவன் நிஜமாகவே சாகப் போகிறான். கொஞ்சம் நகர்ந்து வந்து நிழலாவது கொடு."

"நானா?" என்றது டாங்கி. "என் குழாயில் தொங்கும் பலகையைப் பார். 'செயலிழந்தது' என்று சொல்கிறதே, அதுவும் உன் ஜாதிதான், உனக்கு அண்ணன். நான் நகர்ந்தால் என் படைப்பிரிவுக்கே கெட்ட பெயர்."

அட்டை கடலைப் பார்த்துக் கத்தியது. "கப்பலம்மா! உன்னிடம் டாக்டர் இருக்கிறாரே!"

"இருக்கிறார், ஐஸ்கட்டியும் இருக்கிறது" என்றது கப்பல். "சிவப்பு அட்டையோடு அனுப்பி வை. கறுப்பைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் ஏணியிலேயே ஏற்ற மாட்டார்கள்."

அதற்குள் ஹெலிகாப்டர் தடதடவென்று வந்து இறங்கியது. பத்தடி தள்ளிப் பீடி குடித்துக்கொண்டிருந்த சிப்பாய் அருமைநாயகத்தை ஏற்றத்தான் வந்திருந்தது. அவன் கழுத்தில் சிவப்பு அட்டை.

"அவனை விடு, இவனை எடு!" என்று அலறியது நம் அட்டை.

"நீயே இறந்தவர் என்று சொல்லிக்கொண்டு தொங்குகிறாய். நான் உன்னை நம்புவதா, உன் கூச்சலை நம்புவதா?" என்றது ஹெலிகாப்டர்.

அப்போதுதான் அட்டைக்கு உறைத்தது. டாங்கியும் கப்பலும் ஹெலிகாப்டரும் தடையல்ல. இவன் மூச்சுக்குக் குறுக்கே நிற்பது தான் மட்டும்தான்.

அது யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ஹெலிகாப்டர் கிளப்பிய காற்றுக்குத் தன் முழு உடம்பையும் கொடுத்தது. கயிறு கோத்த துளை விரிந்தது. வலித்தது, விடவில்லை. மறுபடி எம்பியது. துளை கிழிந்தது. அட்டை பறந்துபோய் ஈர மணலில் குப்புற விழுந்தது.

சுபேதார் தனஞ்செயன் அந்தப் பக்கம் வந்தார். கழுத்தில் அட்டை இல்லாமல் ஒருவன் படுத்திருந்தான். காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு அட்டை மாட்டியவருக்கு யார் யார் செத்தார்கள் என்று நினைவில்லை. அட்டை இல்லாதவன் உயிரோடு இருப்பவன். உயிரோடு இருப்பவன் சண்டை போட வேண்டும். அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஏலே இசக்கி! மத்தவன்லாம் மேட்டுல நிக்கான், உனக்கு இங்க தூக்கமா? எந்திரில!"

தோளைப் பிடித்து உலுக்கியவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, கொதிக்குதே! நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க! இது பயிற்சி இல்ல, நிஜம்!"

மூன்று நாளாகப் பொய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மூன்று படைகளும் அந்த ஒரு குரலுக்கு ஓடின. டாங்கி பலகையோடு உருண்டு வந்து நிழல் போட்டது. மேலே கிளம்பிய ஹெலிகாப்டர் திரும்பி இறங்கியது. அருமைநாயகம் குதித்து இறங்கித் தன் இடத்தைக் கொடுத்தான். சுபேதார் தன் பாட்டில் தண்ணீர் முழுவதையும் இசக்கிமுத்துவின் தலையில் ஊற்றியபடியே கூட ஏறினார். "தண்ணி கேட்டானே, பாவிப்பய நான்" என்று வழியெல்லாம் புலம்பினார். கப்பலில் ஐஸ்கட்டியோடு டாக்டர் காத்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. இசக்கிமுத்து கண் விழித்துவிட்டான். தண்ணீர் கேட்டானாம், சுபேதாரே டம்ளரைப் பிடித்துக்கொண்டு புகட்டினாராம்.

ஈர மணலில் கிழிந்து கிடந்த அட்டையைப் பார்த்து டாங்கி கேலி செய்தது. "என்னப்பா, உன் பேச்சுக்கு மறுபேச்சே இல்லை என்றாயே. கடைசியில் நீ சொன்னது பொய்யாகிவிட்டதே!"

"ஆமாம்" என்றது அட்டை, கொஞ்சமும் தலை குனியாமல். "இன்னும் கால்மணி நேரம் அவன் கழுத்தில் தொங்கியிருந்தால் உண்மையாகியிருக்கும்."