பூக்குழியில் விழுந்த கொலுசு

எங்கள் ஊரில் தீமிதிக்கிற குழிக்குப் பூக்குழி என்று பெயர். அதில் இறங்கி ஏறிய இருளாயிக்குக் கால் கொப்பளித்துவிட்டது. ஒருநாளும் அதில் கால் வைக்காத தர்மகர்த்தா சேவுகப்பெருமாள் ஊரே கேட்கக் கத்தினார்: "எல்லாம் நினைப்புத்தான்! மனசு சுத்தமா இருந்தா நெருப்பும் பூவாயிரும். இவ மனசுல என்ன அழுக்கோ!"

கூட்டம் சிரித்தது. கூசிப்போய் நின்ற இருளாயி மெல்லக் கும்பிட்டாள். "நெசந்தான் சாமி. என் கொலுசு உள்ள விழுந்துருச்சு. எனக்குத்தான் அது நெருப்பு, உங்களுக்குப் பூவாச்சே! கையால எடுத்துக் குடுங்க."

தர்மகர்த்தா குழியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "டேய், இடுக்கி கொண்டாங்கடா!"

"பூப்பறிக்க இடுக்கி எதுக்குங்க?" என்றாள் இருளாயி.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தர்மகர்த்தா கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முன்பு சிரித்தவர்களோ அவள் காலைப் பார்க்கக் கூசித் தலைகுனிந்தார்கள்.